ரசீது இல்லாத செலவு: விபத்து இழப்பீட்டு வழக்கின் கணக்கு

வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பு ஒன்று கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது நல்லது. இழப்பீடு இத்தனை லட்சம், மனுத் தாக்கலான நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 விழுக்காடு வட்டி, காப்பீட்டு நிறுவனம் இத்தனை நாளுக்குள் செலுத்த வேண்டும், இன்ன பங்கு வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும் என்று வரிசையாக வரும். அதற்கு அடியில் வழக்கறிஞர் கட்டணம் என்று தீர்ப்பாயமே நிர்ணயித்த தொகை ஒன்று இருக்கும். எதிர்த்தரப்பு தர வேண்டிய செலவுத்தொகையில் அது சேர்ந்தது. காயம்பட்டவர் தம் வக்கீலுக்கு உண்மையில் கொடுக்கும் பணத்துக்கும் இந்த எண்ணுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. உண்மையான தொகை விழுக்காட்டில் பேசப்படுகிறது. வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில், சில சமயம் மருத்துவமனைக் கட்டிலருகிலேயே, வாய்மொழியாகப் பேசி முடிக்கப்படுகிறது. அதற்கு ஒப்பந்தம் கிடையாது, ரசீதும் கிடையாது.

விபத்து வழக்கின் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முத்திரை, நகல், குமாஸ்தா, வாய்தா என்று சில்லறையைத்தான் எண்ணுகிறார்கள். வழக்கின் மிகப் பெரிய செலவு எந்தக் காகிதத்திலும் ஏறாத அந்த விழுக்காடு. இரண்டாவது பெரிய செலவு காலதாமதம். இவை இரண்டையும் விட்டுவிட்டுச் சிக்கனம் பேசுவதில் அர்த்தமில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 4,43,366 பேர் காயமடைந்தார்கள். எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த விவரப்படி, 2022-23 நிதியாண்டின் முடிவில் நாடு முழுவதும் நிலுவையில் இருந்த விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகள் 10 லட்சத்துக்கும் மேல். இத்தனை குடும்பங்கள் நுழையும் வாசல் இது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த நடைமுறையை மலிவானதாகவே வடிவமைத்திருக்கிறது.

அந்த மலிவு பலருக்குத் தெரிவதில்லை. சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி, விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காயம்பட்டவர் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். திருப்பூரில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரர் கிருஷ்ணகிரி அருகே அடிபட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிருஷ்ணகிரிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. 169ஆம் பிரிவு, சுருக்கமான விசாரணை முறையைப் பின்பற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

நீதிமன்றக் கட்டணத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் ஒரு பழைய உத்தி உண்டு. கோரும் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால், மனுவில் 25 லட்சத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டு ‘கோரிக்கை 10 லட்சத்துக்கு வரையறுக்கப்படுகிறது’ என்று எழுதிவிடுவார்கள். இதனால் நஷ்டம் வராதா என்று கேட்கலாம். கோரியதைவிடக் கூடுதலாக இருந்தாலும் நியாயமான இழப்பீட்டை வழங்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவாக்கிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த தொகைக்கான கட்டணத்தைப் பிறகு கட்டினால் போதும். கையில் பணமே இல்லாத நேரத்தில் முன்பணச் சுமையைத் தள்ளிப்போட இது நேர்மையான வழி. கட்டவே இயலாதவர்கள் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம்.

இவ்வளவு இருந்தும் வழக்கு ஏன் விலையேறுகிறது?

இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் நடத்தை விதிகளில் 20ஆம் விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடைசெய்கிறது. 1954இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லியிருக்கிறது. 2017 டிசம்பரில் தீர்ப்பான தெலங்கானா வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதில் சிக்கியவர் 1998இல் விபத்தில் கணவரை இழந்த பெண். இழப்பீடு வந்த பிறகு 10 லட்சம் ரூபாய் கட்டணமாகப் பெற்றுக்கொண்ட வக்கீல், மேலும் 3 லட்சத்துக்குக் காசோலை வாங்கி வைத்திருந்தார். வங்கியில் பணம் இல்லாமல் காசோலை திரும்பியதும் அந்தப் பெண்மீதே குற்ற வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இழப்பீட்டில் விழுக்காடு கேட்பது பொதுக்கொள்கைக்கு விரோதம், தொழில் ஒழுங்கீனம் என்று மறுபடி சொன்னது. வக்கீல் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்பதையும் சுட்டிக்காட்டியது.

அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. பத்து, பதினைந்து, இருபது, அதற்கும் மேல் என்று பேரம் மட்டும் தொடர்கிறது. தடை இருப்பதால் யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. எழுத்தில் இல்லாததால் உச்சவரம்பு கிடையாது. எந்தத் தொகையின் மீது விழுக்காடு, வட்டியும் சேருமா, செலவுகளைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா என்பதெல்லாம் பணம் வரும் நாளில்தான் தெரியவரும். கட்சிக்காரரைக் காப்பாற்ற எழுதிய விதி, நடைமுறையில் அவர் கையிலிருந்த ஒரே ஆதாரத்தைப் பறித்துவிட்டது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. ஜெயித்தால்தான் கட்டணம் என்ற ஏற்பாட்டை அங்கே சட்டமே அனுமதிக்கிறது. 2013 ஏப்ரலுக்கு முன்பு, ஜெயித்த வழக்கறிஞர் கேட்கும் ‘வெற்றிக் கட்டணம்’ தோற்ற தரப்பின் தலையில் விழும். நீதிபதி ரூபர்ட் ஜாக்சன் தந்த ஆய்வறிக்கையை ஒட்டி வந்த சீர்திருத்தம் அதைக் கட்சிக்காரரின் பக்கம் திருப்பியது. கூடவே ஒரு வேலியும் போட்டது. காய வழக்கில் முதல் நிலை விசாரணைக்கான வெற்றிக் கட்டணம் இழப்பீட்டில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த 25 விழுக்காட்டைக் கணக்கிடும்போது எதிர்காலப் பண இழப்புக்கான தொகையைச் சேர்க்கவும் கூடாது. படுக்கையில் கிடப்பவரின் நாளைய மருந்துச் செலவில் பங்கு கேட்காதே என்பதுதான் இதன் பொருள். ஆனால் வேலி போட்ட இடத்தில் எல்லோரும் வேலிவரை மேய்வார்கள் என்பதும் அங்கே நடந்தது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஒரு காரின் பின்னால் பேருந்து மோதியிருக்கிறது. தோற்க வாய்ப்பு மிகக் குறைந்த அந்த வழக்குக்கும் வழக்கறிஞர் நிறுவனம் அடிப்படைக் கட்டணத்தில் 100 விழுக்காட்டை வெற்றிக் கட்டணமாக வைத்திருந்தது. வழக்கில் இருந்த அபாயத்தை எடைபோடவே இல்லை என்பதால் அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

அபாயத்தை எடைபோடு என்ற அந்தத் தர்க்கம் இங்கேயும் செல்லும். வக்கீல்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நீதிமன்றக் கட்டணம், ஆவணச் செலவு, மருத்துவச் சாட்சியை வரவழைக்கும் செலவு எல்லாவற்றையும் கைக்காசு போட்டு நான்கைந்து ஆண்டுகள் வழக்கைச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் கூலித் தொழிலாளி தீர்ப்பாயத்தின் படியேறியிருக்கவே மாட்டார். ஆனால் அந்த விழுக்காட்டுக்குள் மூன்று தனித்தனிச் சரக்குகள் கட்டப்பட்டிருக்கின்றன: உழைப்புக்கான கூலி, கைக்காசு போட்டதற்கான ஈடு, தோற்றால் ஒன்றும் கிடைக்காதே என்ற அபாயத்துக்கான விலை. முதல் இரண்டும் நியாயமானவை, அளக்கவும் முடியும். பெரும்பகுதி பணம் மூன்றாவதின் பெயரில்தான் போகிறது. எதிர் வாகனத்துக்குக் காப்பீடு இருந்து, ஓட்டுநருக்கு உரிமம் இருந்து, குற்றப்பத்திரிகையும் அவர்மீதே இருக்குமானால் அந்த அபாயம் மிகச் சொற்பம். தொகை கூடலாம், குறையலாம்; வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். உரிமம் இல்லாத ஓட்டுநர் என்றாலும்கூட, காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் உத்தரவாகிறது. காப்பீடே இல்லாத வண்டி, சரக்கு வாகனத்தில் கூலிக்கு ஏறிய பயணம், காயம்பட்டவர் மீதே பதிவான வழக்கு ஆகியவற்றில் அபாயம் நிஜம். முதல் வகை வழக்குக்கும் இரண்டாம் வகை வழக்குக்கும் ஒரே விழுக்காடு கேட்டால், ஏன் என்று கேட்கக் காயம்பட்டவருக்கு உரிமை உண்டு. கட்டணத்தை ரூபாயில் பேசுங்கள், கைச்செலவுக்குத் தனியே கணக்கு வையுங்கள், இரண்டையும் எழுதித் தாருங்கள் என்று கேட்பதில் எந்த விதிமீறலும் இல்லை. விதி தடுப்பது விழுக்காட்டையும் முடிவைப் பொறுத்த கட்டணத்தையும்தான்.

கட்டணமே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் பெறலாம். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விபத்தில் கணவனை இழந்த பெண், காலை இழந்த ஆண் இருவருமே முதல் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இலவசம் என்றால் தரம் இருக்குமா என்ற சந்தேகம் பொதுவானது, காரணமில்லாததும் அல்ல. ஆனால் தகராறு இல்லாத வழக்கில் இருபது விழுக்காட்டை விட்டுக்கொடுக்கும் முன் ஒருமுறை அங்கே போய்க் கேட்பதற்குப் பேருந்துக் கட்டணம்தான் செலவு.

இனி, எங்கே சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பதைப் பார்க்கலாம். கணக்குப் போட்டால்தான் விளங்கும். 32 வயதுப் பெயிண்டர் ஒருவர். மாத வருமானம் 15,000 ரூபாய். இடது தோளும் முழங்கையும் சரியாகச் சேரவில்லை. 30 விழுக்காடு ஊனம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊனம் அவருடைய பிழைப்பைப் பாதித்தது என்று நிரூபிக்காவிட்டால், ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் பணம் தருவார்கள். தமிழ்நாட்டுத் தீர்ப்புகளில் 3,000 ரூபாய், பிறகு 5,000 ரூபாய் என்று புழங்கும் முறை அது. 5,000 என்றே வைத்தாலும் 1,50,000 ரூபாய்தான். அதே ஊனத்தால் ஏணியில் ஏறித் தலைக்கு மேலே தூரிகையைப் பிடிக்க முடியவில்லை, சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போய்விட்டது என்று நிலைநாட்டினால் கணக்கு வேறு. உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு (2017) சொல்லும்படி சுயதொழில் செய்பவருக்கு, 40 வயதுக்குக் கீழ் என்றால், எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட வேண்டும்: மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. சர்லா வர்மா தீர்ப்பு (2009) தந்த அட்டவணையில் 31 முதல் 35 வயதுவரை பெருக்கு எண் 16. பெருக்கினால் 40,32,000, அதில் 30 விழுக்காடு 12,09,600 ரூபாய். கை ஒன்றுதான், ஊனமும் ஒன்றுதான். இடையே பத்தரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது சாட்சியம். சிகிச்சையளித்த மருத்துவர் அல்லது மருத்துவக் குழுவின் சான்று, வேலை கொடுத்த மேஸ்திரியின் வாக்குமூலம், கூலி வரவான வங்கிக் கணக்கு இவையெல்லாம் சேர்ந்து வழக்கை நிறுத்துகின்றன. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே இழக்கலாம், அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் சம்பளத்தை இழக்காமலே போகலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டோடு விளக்கிவிட்டது. சிகிச்சையே தராத மருத்துவர்கள் தாராளமாக எழுதிக்கொடுக்கும் ஊனச் சான்றுகளை நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தது. ஆகவே புரோக்கர் கூட்டிக்கொண்டு போகும் ‘சான்று டாக்டருக்கு’ச் செலவழிக்கும் பணம் வீண், அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரைச் சாட்சிக் கூண்டுக்கு வரவழைக்கும் செலவு வீணல்ல.

காசே செலவில்லாத, ஆனால் தவறினால் பெருஞ்செலவு வைக்கும் ஒரு காகிதமும் இருக்கிறது. அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் நான்கு வரி எழுதுவார், ‘ஏ.ஆர். காப்பி’ என்று வக்கீல் அலுவலகங்களில் சொல்வது அதன் நகலைத்தான். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்க, கூட வந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொல்லிவிட்டால் ‘தானே விழுந்தது’ என்று ஏறிவிடும். இடித்த லாரி அந்த வரியில் காணாமல் போகும். மூன்று ஆண்டுகள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்துப் போடுவது இந்த வரியைத்தான். அதைச் சரிக்கட்ட நேரில் பார்த்த சாட்சியைத் தேட வேண்டும், மருத்துவரை அழைக்க வேண்டும், வாய்தா வாங்க வேண்டும். இன்ன வண்டி, இன்ன பக்கத்திலிருந்து, இந்த நேரத்தில் என்று அப்போதே சொன்னால் அத்தனையும் மிச்சம்.

ஆவணங்களுக்காக யாருக்கும் ‘ஏதாவது’ கொடுக்க வேண்டிய காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை தர வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2009 முதல் பல உத்தரவுகள் மூலம் உருவாக்கிய முறை இது. இதை நாடு முழுவதும் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் நிலையத்துக்கு நிலையம் நடப்பு வேறுபடலாம். ஆனால் இந்த விதியின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கும் சும்மா போய் நிற்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில் இரண்டு கண்ணிகளும் உண்டு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பு திரும்பி வந்திருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருந்தாலும், அதை நம்பித் தாமதிப்பது மடத்தனம். மற்றது 164ஆம் பிரிவு: யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். செலவே இல்லாத பணம்தான். ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் 166ஆம் பிரிவு வழக்கு அற்றுப்போகும். நம் பெயிண்டர் கை எரியும் அவசரத்தில் இரண்டரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இழப்பது பன்னிரண்டு லட்சம். இடித்துவிட்டுத் தப்பிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் கதை வேறு: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று தனித் திட்டம் இருக்கிறது. அதற்கு வழக்கே வேண்டாம், விண்ணப்பம் போதும்.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அரசே ஏற்றது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டம் ஏழு நாளுக்கு 1.5 லட்சம்வரை. அதற்கு மேல் போகும் செலவுக்குத்தான் நகையும் வட்டிக்கடையும். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 2 லட்சம் வாங்கினால் நான்கு ஆண்டில் வட்டி மட்டும் 2,88,000. அதே 2 லட்சத்துக்குத் தீர்ப்பாயம் தரும் 7.5 விழுக்காட்டில் நான்கு ஆண்டு வட்டி 60,000. இடைவெளி 2,28,000 ரூபாய். வழக்கு இழுப்பதற்குக் காயம்பட்டவர் தருகிற விலை இதுதான், எந்தத் தீர்ப்பிலும் இது ஏறுவதில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் வரும் சமரசத் தொகையை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது, பணம் சீக்கிரம் வரும். மேல்முறையீடு கிடையாது என்பது இரு பக்கமும் வெட்டும்: காப்பீட்டு நிறுவனமும் இழுக்க முடியாது, குறைந்த தொகைக்குச் சம்மதித்தவரும் திரும்பி வர முடியாது. கடன் சுமை உள்ளவருக்குக் கணக்கிட்ட தொகையில் எண்பத்தைந்து விழுக்காடு இன்றே கிடைப்பது லாபமாக இருக்கலாம். கணக்கே போடாமல் ‘ரவுண்டாக’ ஒரு தொகைக்குத் தலையாட்டுவதுதான் ஆபத்து. எலும்பு இன்னும் சேராத, அடுத்த அறுவைச் சிகிச்சை பாக்கியுள்ள நிலையில் சமரசத்துக்கே போகக் கூடாது.

பணம் வந்த பிறகும் செலவு ஓய்வதில்லை. தீர்ப்பாயத்தின் கணக்கில் விழுந்த தொகையை எடுக்க ஒரு மனு, வைப்பை முன்கூட்டி உடைக்க இன்னொரு மனு, ஒவ்வொன்றுக்கும் கைச்செலவு. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டை நேரடியாகக் காயம்பட்டவரின் வங்கிக் கணக்கில் செலுத்த உத்தரவிடும்படி தீர்ப்பாயங்களுக்குச் சொன்னது. அதனால் தம் பெயரில், தாமே இயக்கும் கணக்கின் விவரத்தை மனுவோடு கொடுப்பது அவசியம். அந்தக் கணக்கின் காசோலைப் புத்தகத்தில் வெற்றுக் கையெழுத்துப் போட்டு யாரிடமும் தரக் கூடாது. தெலங்கானா வழக்கில் வினையானது ஒரு காசோலைதான்.

வக்கீலோடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்கு ஆவணங்களை வக்கீல் பிடித்துவைக்கக் கூடாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அதைத் தனியே வசூலிக்க வேண்டும்.

கடைசியாக மேல்முறையீடு. காப்பீட்டு நிறுவனம் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது. போனாலும், நிறுவனம் கட்டிய தொகையில் ஒரு பகுதியைக் காயம்பட்டவர் எடுத்துக்கொள்ள அனுமதிப்பது வழக்கம். அதற்குக் கேட்க வேண்டும். தொகை போதாது என்று காயம்பட்டவரே மேல்முறையீடு செய்தால், கூடுதலாகக் கேட்கும் தொகைக்குத்தான் கட்டணம். பெயிண்டருக்கு 1,50,000 தந்த தீர்ப்பென்றால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். 12,09,600க்குப் பதில் 11,50,000 என்றால் தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு, மேல்முறையீட்டுக்கே வழியில்லை. முதல் நாள் எழுதி வாங்கும் கட்டணக் கடிதத்தில் மேல்முறையீடும் சேர்த்தா, அது தனியா என்று ஒரு வரி இருக்க வேண்டும்.